காதுக்குப் பின்னால் ஒரு ஈ: ஸ்பெயினில் ஆறு நாள்

அக்டோபர் 28, செவ்வாய் – மாட்ரிட்

பராஹாஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது காலை ஏழரை. இரவு முழுக்கக் கண் மூடவில்லை. பெட்டி வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் போனைத் திறந்தால், நான் தங்கப்போகும் விடுதியின் பெயரில் ஒரு செய்தி. ‘உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் மீண்டும் உறுதி செய்யாவிட்டால் அறை ரத்தாகும்.’ என் பெயர், வரும் தேதி, போகும் தேதி, வாடகை எல்லாமே சரியாக இருந்தன. ஆனாலும் மனசில் ஏதோ நெருடியது. அந்த நெருடலுக்கு ஸ்பானிஷில் சரியான சொல் தேடியதுதான் இந்தப் பயணம் முழுக்க எனக்கு வேலையாகிவிட்டது. நெருடியும் கேட்காமல், தூக்கக் கலக்கத்தில் இணைப்பைத் தட்டி, கேட்டதையெல்லாம் கொடுத்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் மஞ்சள் பேருந்தில் 5 யூரோ. அத்தோச்சா ரயில் நிலையம் எதிரில் இறங்கி, லாவபியேஸ் பகுதிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு மேடேறினேன். கல் பாவிய தெருவில் பெட்டிச் சக்கரம் போடும் சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

விடுதி வரவேற்பில் இருந்த இளைஞருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். போனைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. “இது நாங்கள் அனுப்பியது இல்லை.” அதற்குள் கணக்கிலிருந்து 186 யூரோ போயிருந்தது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டு, நான் வங்கியை அழைத்து கார்டை முடக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இரண்டு பேர் அறைச் சாவிக்காகக் காத்திருந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

கையில் 140 யூரோவும் இன்னொரு கார்டும் இருந்தன. பசி தெரியவில்லை. மதியம் படுத்தவள் இரவு எட்டு மணிக்குத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 29, புதன் – மாட்ரிட்

புகார் எழுதிக்கொடுத்தால்தான் பணம் திரும்ப வர வாய்ப்பு என்று வங்கியில் சொன்னார்கள். லெகனீத்தோஸ் தெருக் காவல் நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. போகும் வழியில் தக்காளி அரைத்துத் தடவிய ரொட்டியும் பால் காப்பியும் சாப்பிட்டேன், 3 யூரோ 60. பிறகு ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு வருடமாக இணையத்தில் ஸ்பானிஷ் படிக்கிறேன், வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். செய்தி வந்ததைச் சொன்னேன். அப்புறம், ‘எனக்கு அப்போதே சந்தேகமாக இருந்தது’ என்று சொல்ல நினைத்து, ‘யோ எரா சொஸ்பெச்சோசா’ என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த அதிகாரியின் விரல்கள் நின்றுவிட்டன.

சொஸ்பெச்சா என்றால் சந்தேகம். அதன் பெயரடை சொஸ்பெச்சோசோ, பெண்ணுக்கு சொஸ்பெச்சோசா. இதுவரை நான் போட்ட கணக்கு சரிதான். ஆனால் பேச்சு வழக்கில் அது சந்தேகப்படுகிறவரைக் குறிப்பதில்லை, சந்தேகத்துக்கு உரியவரைத்தான் குறிக்கிறது. காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவள் நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். தமிழில் இந்தக் குழப்பம் வராது. சந்தேகப்படுபவர், சந்தேகத்துக்குரியவர் என்று சொல்லே இருவரையும் பிரித்துவிடும்.

அந்த அதிகாரி சிரிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு துண்டுத் தாளை எடுத்து இரண்டு வரி எழுதி என் பக்கம் திருப்பிவைத்தார். முதல் வரி: செய்தி, சொஸ்பெச்சோசோ. இரண்டாவது வரி: நீங்கள், எஸ்தாபா மோஸ்கா. மோஸ்கா என்றால் ஈ அல்லவா என்றேன். ஆமாம் என்று தன் காதுக்குப் பின்னால் விரலால் தட்டிக் காட்டினார். ‘காதுக்குப் பின்னால் ஈயோடு இருப்பது’ என்பது முழுச் சொலவடையாம். சுருக்கமாக ‘ஈயாக இருப்பது’. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேயே சுற்றும், விடாது. முந்தின நாள் காலை பெட்டிக்காகக் காத்திருந்தபோது எனக்கு இருந்தது அதேதான்.

நம் ஊரில் ஏமாற்றுகிறவன் காதில் பூச்சுற்றுகிறான். இங்கே ஏமாறாமல் விழித்துக்கொள்கிறவரின் காதோரம் ஈ சுற்றுகிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஏன் காதையே பிடித்தார்கள் என்று யோசித்தபடி வெளியே வந்தேன். மழை வலுத்திருந்தது. அந்தத் தாளை நனையாமல் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன் – சலமான்கா

ரயில் ஆவிலா வழியாகப் போனது. அங்கே மழை விட்டு வெயில் அடித்தது. காய்ந்த புல்வெளி, கருவாலி மரங்கள், நடுநடுவே கறுத்த மாடுகள். வழியெல்லாம் அகராதி பார்த்தேன். ‘மோஸ்கா’ ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாது. நான் ஆணாக இருந்தாலும் மோஸ்காதான். அதிலிருந்து பிறந்த வினை ‘மோஸ்கேயார்’, அதிலிருந்து ‘மோஸ்கேயாதோ’, ‘மோஸ்கேயாதா’. தமிழில் ‘நான்’ என்று தொடங்கிவிட்டால் ஆணா பெண்ணா என்று வாக்கியத்துக்குக் கவலையே இல்லை. இவர்களுக்கு உணர்ச்சிக்கும் பால் விகுதி வேண்டும். மோஸ்கேயாதா என்று பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நடுவில் வரும் அந்த மெல்லிய ஒலி நம் ‘காதல்’, ‘பாதி’யில் வரும் ‘த’வேதான். நாக்குக்குச் சிரமமே இல்லை.

சலமான்காவின் கட்டிடங்கள் பக்கத்து வில்லமயோர் ஊரில் வெட்டிய கல்லால் ஆனவை. சாயங்கால வெயிலில் ஊரே வெல்லப்பாகு நிறத்தில் இருக்கிறது. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. நெப்ரிஹா எழுதிய ஸ்பானிஷ் மொழியின் முதல் இலக்கணம் 1492இல் அச்சானதும் இங்கேதான். சொல் பழக இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை என்று மகிழ்ச்சியாகத்தான் வந்தேன். வந்து அரைமணி நேரத்தில் ஒரு பெரியவரின் மனதைப் புண்படுத்தினேன்.

தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. கதவைத் திறந்ததும் கன்னத்தோடு கன்னம் வைத்து, வா வா என்று ஒருமையில் பேசினார். ஸ்பெயினில் முன்பின் தெரியாதவர்கூட ‘து’, அதாவது ‘நீ’ என்பார். மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம்தான். நான் மட்டும் பழக்கதோஷத்தில் ‘உஸ்தேத்’, அதாவது ‘நீங்கள்’ என்றே பேசினேன். தரை குளிரும் என்று ஒரு ஜோடிக் கம்பளிச் செருப்பைக் கொடுத்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து பாஸ்போர்ட் கேட்டார். சரி. வீட்டு முகவரி கேட்டார். போன் எண் கேட்டார். பணம் எந்த வழியில் கட்டினேன், கார்டா, யார் பெயரில் என்றும் கேட்டார்.

எனக்குள் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு நாளைக்கு முன்னால் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் 186 யூரோவை இழந்தேன். ரயிலில் பழகிய சொல்லை எடுத்தேன்: ‘எஸ்தோய் மோஸ்கேயாதா.’

அந்த அம்மா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். “கொன்மிகோ?” என்றார். என்னிடமா? அதற்கு அடுத்த வாக்கியத்திலிருந்து நான் ‘உஸ்தேத்’ ஆகிவிட்டேன். இது சட்டம், வேண்டுமானால் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றார். பன்மைக்கு மாறியதில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நம் வீட்டுப் பெரியவர் கோபம் வந்தால் திடீரென்று ‘வாங்க போங்க’ என்பாரே, அதே குளிர்.

மோஸ்கேயாதா என்ற சொல்லுக்கு இரண்டு முகம் என்பதை நான் கவனிக்கவில்லை. உள்ளுக்குள் சந்தேகம் என்றும் வரும், மனத்தாங்கல் என்றும் வரும். எதிரில் நிற்பவரின் முகத்துக்கு நேரே சொன்னால் இரண்டாவது பொருள்தான் முன்னால் நிற்கும். ‘உங்கள்மேல் எனக்குக் கோபம்’ என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

சட்டம் உண்மைதான். 2021இன் 933ஆம் எண் அரச ஆணைப்படி, தங்க வருபவரின் முகவரி, தொடர்பு எண், பணம் கட்டிய விவரம் வரை விடுதிக்காரர்கள் உள்துறை அமைச்சகத்துக்குப் பதிய வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் அது கட்டாயம். ஒன்றும் புரியாதவள்போல விழித்துக்கொண்டு நிற்காமல், போனை எடுத்து மாட்ரிட் புகார்ச் சீட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்ததும் என் கையைப் பிடித்து, “முஹேர் (பெண்ணே), நீ மோஸ்கேயாதா இல்லை. நீ எஸ்கமாதா” என்றார். மறுபடி ‘நீ’ ஆனேன்.

எஸ்காமா என்றால் மீன் செதில். எஸ்கமாதா என்றால் ஒருமுறை பட்டுவிட்டதால் எதைக் கண்டாலும் எச்சரிக்கையோடு பின்வாங்குகிற நிலை. செதிலுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டேன். தெரியாது, என் அம்மா சொல்வாள், நானும் சொல்கிறேன் என்றார். ஆனால் ஒரு பழமொழி சொன்னார்: சுடுநீர் பட்ட பூனை பச்சைத் தண்ணீரைக் கண்டாலும் ஓடும். நான் எழுந்தே நின்றுவிட்டேன். எங்களுக்கும் உண்டு, சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்றேன். அடுப்பங்கரையா, அது இன்னும் நன்றாக இருக்கிறதே என்று அதை ஸ்பானிஷில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நானே என் முகவரியைத் தட்டிக் கொடுத்தேன்.

அன்றிரவு அவர் தந்த பூண்டு சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன். அதில் ரொட்டி, முட்டை, மிளகாய்த்தூள் தவிர ஒன்றும் இல்லை என்று கேட்காமலே சொன்னார்.

அக்டோபர் 31, வெள்ளி – சலமான்கா

1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கம் இந்த ஊரையும் ஆட்டியது. மக்கள் பேராலயத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள், பிழைத்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வருடாவருடம் முந்தின நாளான அக்டோபர் 31 அன்று ஒருவர் கோபுரத்தில் ஏறுகிறார். மரிகேலோ என்று அவரைச் சொல்கிறார்கள். நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோய், 1985இல் மறுபடி தொடங்கிய வழக்கம். ஊர் உடை அணிந்தவர், இடது கையில் மூன்று துளைக் குழல், வலது கையில் சிறு மேளக் குச்சி, இரண்டையும் ஒருவரே வாசிக்கிறார். கீழே சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள், தாத்தா பாட்டிகள், நாய்கள். காற்று சில்லென்று கிழித்தது. மேலே புள்ளியாகத் தெரிந்த மனிதரின் குழல் ஓசை கீழே வந்து சேர்ந்தபோது பக்கத்திலிருந்த பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல மட்டும் ஏறுவதில்லை, கோபுரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவரவும்தான் என்று அந்தப் பாட்டி சொன்னார். ஒருமுறை ஆடியதற்காக இத்தனை தலைமுறையாகக் கோபுரத்தைக் கண்காணிக்கும் ஊர். ‘எஸ்கமாதோஸ்’ என்றேன் மெதுவாக. அவர் என் கையைத் தட்டி, அதேதான் என்றார். சரியான இடத்தில் சரியாக வந்து விழுந்த முதல் தடவை அது. உடல் சிலிர்த்தது எனக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். நான் சைவம். சலமான்காவில் அது கடினம். ஊரின் பெருமையான ஓர்னாத்தோ என்ற அடை முழுக்கப் பன்றித் தொத்திறைச்சி. மசித்த உருளைக்கிழங்கின் மேலும் பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவுகிறார்கள். ஒரு பாரில் கீரைக் குரோக்கேத்தாஸ் என்று பலகையில் இருந்தது. இறைச்சி உண்டா என்றேன். இல்லவே இல்லை என்றார் பரிமாறியவர். நான்கு உருண்டை வந்தது, 6 யூரோ. மணம் வேறு மாதிரி இருந்தது. முன்பானால் கூச்சத்தில் ஓரமாக ஒதுக்கிவைத்திருப்பேன். ‘இந்தக் குரோக்கேத்தாஸ் விஷயத்தில் நான் எஸ்கமாதா’ என்றேன். முகத்தில் சிரிப்போடுதான் சொன்னேன், அது முக்கியம்.

பக்கத்து முக்காலியில் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பரிமாறியவர் ஒன்றைப் பிட்டார். உள்ளே கீரைக்கு நடுவே இளஞ்சிவப்புத் துணுக்குகள். அடுக்களைக்குக் குரல் கொடுத்துக் கேட்டால், “கொஞ்சூண்டு ஹமோன்” என்று பதில் வந்தது. உப்பிட்ட பன்றித்தொடையான ஹமோனை இங்கே பலரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அன்றுதான் நேரில் கண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, உருளைக்கிழங்கு முட்டைத் தோர்த்தியா ஒரு துண்டு கொண்டுவந்தார். குரோக்கேத்தாஸுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

முக்காலிக்காரர்கள் அதோடு விடவில்லை. எனக்கு வேறு சொற்கள் தந்தார்கள். ‘மாலா எஸ்பீனா தருகிறது’ என்பதும் உண்டாம்: கெட்ட முள் தருகிறது. எங்களுக்கும் முள்தான், உறுத்தும் என்றேன். ‘இங்கே பூனையை அடைத்துவைத்திருக்கிறார்கள்’ என்றாலும் ஏதோ மறைக்கிறார்கள் என்று பொருளாம். ஈ, முள், மீன், இரண்டு பூனைகள். சந்தேகத்துக்கு இவ்வளவு உயிர்களை வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன்.

இன்னொன்றும் அங்கே தெளிவானது. எஸ்கமாதா என்ற சொல் ‘எஸ்தார்’ என்ற வினையோடுதான் வரும், ‘சேர்’ என்பதோடு வராது. இரண்டுக்கும் ‘இரு’ என்றுதான் பொருள். சேர் போட்டால் குணம். எஸ்தார் போட்டால் இப்போதைய நிலை. ‘எஸ் தெஸ்கொன்ஃபியாதா’ என்றால் அவள் சுபாவமே சந்தேகப் பிராணி. ‘எஸ்தா எஸ்கமாதா’ என்றால் அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது, அதனால் இப்படி இருக்கிறாள். யாரும் என் குணத்தைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஏதோ நடந்தது என்பதை அந்த ஒரு வினையே ஏற்றுக்கொள்கிறது. மூன்று நாளாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 1, சனி – சலமான்கா

புனிதர்கள் நாள். ஊர் விடுமுறை, கடைகள் அடைப்பு. திறந்திருந்த ஒரு பேக்கரியில் கிரீம் அடைத்த புன்யுவேலோஸ் உருண்டைகள் நூறு கிராம் 3 யூரோ. இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்.

மாலையில் தோர்மேஸ் ஆற்றின் ரோமானியப் பாலத்துக்கு நடந்தேன். பாலத்தின் முனையில் தலையில்லாத ஒரு கற்காளை நிற்கிறது. ரோமானியருக்கும் முந்தையது. 1554ஆம் ஆண்டுப் பதிப்புகளில் நமக்குக் கிடைக்கும், எழுதியவர் யாரென்றே தெரியாத ‘லாசரில்லோ தெ தோர்மேஸ்’ கதையில், பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவர் தனக்கு வழிகாட்ட வந்த சிறுவனை இங்கேதான் நிறுத்துகிறார். காளையின் மேல் காதை வை, உள்ளே பெரிய சத்தம் கேட்கும் என்கிறார். பையன் நம்பிக் காதை வைக்கிறான். தலையைக் கல்லில் மோதிவிடுகிறார். அன்றோடு பையன் குழந்தைத்தனத்திலிருந்து விழித்துக்கொள்கிறான்.

நான் காளையின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். கல் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. மறுபடியும் காது. ஒரு அப்பா தன் ஆறு வயது மகனிடம் கதையைச் சொல்லி, வை பார்க்கலாம் காதை என்றார். பையன் இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டான். அப்பாவே குனிந்து தன் காதை வைத்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் அவன் வந்து வைத்தான்.

இரவு வீட்டுக்கார அம்மாவுக்குப் புன்யுவேலோஸ் கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து, உள்ளே என்ன என்று சந்தேகமாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, எஸ்கமாதா என்று தன்னைச் சுட்டிக் காட்டினார்.

நவம்பர் 2, ஞாயிறு – மாட்ரிட்

காலை ரயிலில் மாட்ரிட். ஞாயிறு என்பதால் ராஸ்த்ரோ சந்தை. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் நடந்தேன். பழைய பித்தளைச் சாவிகள், தபால் அட்டைகள், சாயம் போன விசிறிகள். 4 யூரோவுக்கு ஒரு விசிறி வாங்கினேன்.

விடுதியில் அதே இளைஞர். உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது போன் ஒலித்தது. வங்கியின் பெயரில் செய்தி: உங்கள் 186 யூரோ புகார் ஏற்கப்பட்டது, மேற்கொண்டு விவரத்துக்கு இந்த இணைப்பைத் தட்டவும்.

காதோரம் அது வந்துவிட்டது. இந்தத் தடவை விரட்டவில்லை. போனை அவர் பக்கம் நீட்டினேன். ‘இது சொஸ்பெச்சோசோவா, இல்லை நான்தான் எஸ்கமாதாவா?’

அவர் முதலில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எஸ்கமாதா என் பாட்டி சொல்லும் வார்த்தை, எங்கே பிடித்தீர்கள் என்றார். அப்புறம் செய்தியைக் கீழிருந்து மேலாக ஒருமுறை, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார்.

“இரண்டும்தான்” என்றார்.

முதல் நாள் போட்ட அதே நாற்காலியை இழுத்துப் போட்டார். இணைப்பைத் தொடாமல், கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவர் படிக்கப் படிக்க நான் அழுத்தினேன்.